வாசகர் எழுதும் பக்கம்

(பாலக்காட்டுக் கல்பாத்தியில் நூலகவியல் மாணவர்களும் ஊர்க்காரர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘நூலகங்களில் சமூக மென்பொருள்’ என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு மாமி என்னை நிறுத்தி, “டீச்சர், இது வாட்ஸ்அப் கிளாஸா?” என்று கேட்டார். பாதி சரி என்றேன். பயன்படுத்துகிறவரே எழுதவும் செய்கிற மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். விக்கிப்பீடியா அப்படி. புத்தகம் படித்துவிட்டு நாலு வரி கருத்து எழுதும் குட்ரீட்ஸ் அப்படி. படத்தைப் போட்டு, அதில் இருப்பவர் யார் என்று ஊராரைக் கேட்கும் ஃபிளிக்கர் அப்படி. வாட்ஸ்அப்பும் அந்தக் குடும்பம்தான். ஆனால் அதில் எழுதியதை அடுத்த வாரம் தேடியெடுப்பது எளிதில்லை. நூலகக்காரர்களுக்கு அது பெரிய குறை.

இதையெல்லாம் நூலகர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரப் பொதுநூலகத்தில் ஹெலீன் பிளோவர்ஸ் என்ற நூலகர் தம் ஊழியர்களுக்கு ஒரு பாடம் அமைத்தார். செய்து பார்க்க வேண்டிய 23 காரியங்கள். வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆளுக்கொரு வலைப்பதிவு தொடங்க வேண்டும். ஒரு படம் ஏற்று, ஒரு புத்தகப் பட்டியல் போடு, ஒரு விக்கியில் ஒரு வரி எழுது என்று ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, செய்தபோது மனதில் என்ன ஓடியது என்பதை அந்தப் பதிவில் எழுத வேண்டும். 23ஆவது காரியம், இதுவரை கற்றதைத் திரும்பிப் பார்த்து எழுதுவது. முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. அதற்காகவே சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள், சேரட்டுமே. சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நூலகங்கள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டன.

அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பழைய வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கிறது. இணைய முகவரிகளைச் சேர்த்துவைக்கும் டெலிஷியஸை 2005இல் யாகூ வாங்கியது. பிறகு கைமாறிக் கைமாறி, 2017க்குப் பின் அதில் யாரும் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்ற நிலை வந்தது. செய்தியோடைகளைப் படிக்க அந்தக் காலத்தில் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஆர்குட் 2014 செப்டம்பரோடு போயிற்று. இடையில் ஒரு சந்தோஷச் செய்தி: இணையத்திலேயே எழுதிச் சேமிக்கும் கருவி என்று அந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தவற்றில் ஸோஹோ ரைட்டரும் ஒன்று. சென்னையில் செய்தது. அமெரிக்க நூலகர்கள் அதைத் தட்டிப் பழகிய காலத்தில் நம் ஊர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கருவிகள் போன பிறகும் அந்தப் பாடத்தில் நிலைத்தது எது? 23ஆவது காரியம்தான். நூலக ஊழியர் ஒருவர் முதல் முறையாகப் பொதுவில், வாசகரைப் போல எழுதினார். எழுதும்போது கூச்சம் வந்தது. யாரும் பதில் எழுதாதபோது வருத்தம் வந்தது. அந்தக் கூச்சமும் வருத்தமும் தெரிந்தவரால்தான் வாசகரை எழுதச் சொல்ல முடியும்.

நான் பாடம் நடத்திய காலத்தில் என் மாணவர்களையும் வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். எந்தப் பொத்தானை அழுத்தினாய் என்று எழுத வேண்டாம், எங்கே கை நின்றது என்று எழுது என்பேன். ஒரு பெண் மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து வந்தவள், தமிழ் வழியில் படித்தவள். நூலகத்துக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கும் பயிற்சியைப் பற்றி அவள் எழுதினாள்: குழுவில் சேர்ந்த அன்றே அவள் எண் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ‘ஹாய்’ அனுப்பினான். குழுவை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஒரு பக்கத்துக்கும் குறைவான அந்தக் குறிப்பு, நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய பாதியைச் சொல்லிவிட்டது. உறுப்பினர் எண் மற்றவருக்குத் தெரியாத சேனல் வசதி வாட்ஸ்அப்பில் 2023இல்தான் வந்தது. ஆனால் சேனலில் வாசகர்கள் தங்களுக்குள் கலந்து பேச முடியாது. பாதுகாப்பு வேண்டுமென்றால் வாயை மூடிக்கொள், பேச வேண்டுமென்றால் எண்ணைக் கொடு என்கிற கருவியை நூலகத்தின் முதன்மைக் கருவியாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து. வைத்திருக்கும் நூலகங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் நூலகங்களின் ஃபேஸ்புக் பக்கங்களைப் பாருங்கள். வாசிப்பு நாள் வாழ்த்து, ஓணம் வாழ்த்து, புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன என்று அட்டைப்படம், விழாவில் பொன்னாடை போர்த்தும் படம். கீழே யாராவது, “இந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் இருக்கிறதா?” என்று கேட்டிருப்பார். பதில் இருக்காது. வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை எடுத்துக்கொண்டுபோய் இணையத்தில் மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வாசகர் எழுதுவது நூற்பட்டியலுக்குள் போக வேண்டும். கருத்துப் பெட்டியில் கிடந்து மக்கக் கூடாது.

அப்படி நடந்ததற்குப் பேர்போன சான்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். 2008 ஜனவரியில் தன் சேகரத்திலிருந்து சுமார் மூவாயிரம் பழைய புகைப்படங்களை ஃபிளிக்கரில் போட்டு, பார்ப்பவர்கள் குறிப்பு எழுதலாம் என்றது. இது இன்ன தெரு, இது இன்ன ஆண்டு, நிற்பவர் இன்னார் என்று மக்கள் எழுதினார்கள். வம்பும் எழுதியிருப்பார்கள், அது எங்கும் உள்ளது. நூலக ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து, அந்த ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான படங்களின் பட்டியல் பதிவுகளையே திருத்தினார்கள். உலகத்திலேயே பெரிய நூலகங்களில் ஒன்று, தன் பட்டியலில் வாசகர் கைவைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது.

தமிழில் இதைவிட ஆழமான சான்று உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்கள் சாம்பலாயின. அந்த நினைவோடு வளர்ந்த இளைஞர்கள் 2005இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கே வருடியெடுத்த பக்கங்களாக இருக்கின்றன. மாணவர்கள் கவனிக்க வேண்டியது, அது ஓடும் மென்பொருள் மீடியாவிக்கி. விக்கிப்பீடியா ஓடுவதும் அதே மென்பொருளில்தான். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்க எண்ணிக்கை, கீழே வாசிப்பதற்கான இணைப்பு, அதன் கீழே உள்ளடக்கம். தன்னார்வலர் ஒருவர் பக்கத்தை உண்டாக்குவார், இன்னொருவர் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்வார், மூன்றாமவர் ஆசிரியர் பெயரில் விழுந்த பிழையைத் திருத்துவார். யார், எந்த நாளில், எதை மாற்றினார்கள் என்பது பக்கத்தின் வரலாற்றில் நிற்கும். பெரும்பாலும் நூலகவியல் படிக்காதவர்கள் கூடிக் கட்டிய நூற்பட்டியல் இது. படித்த நாம் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சங்க நூல்களிலிருந்து பாரதி வரை, வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் தத்தம் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பி, வேறொருவர் மெய்ப்பு பார்த்து வெளியிட்டார்கள். ‘சமூக மென்பொருள்’ என்ற பேச்சு நம்மிடம் வராத காலம் அது. இருந்த கருவியை வைத்துக்கொண்டு வேலை நடந்தது.

இனி விக்கிமூலம், அதாவது அச்சு நூல்களை எழுத்தாக்கிச் சேர்த்துவைக்கும் விக்கி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கல்பாத்திக்கு வேலை இருப்பது இதில்தான். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகத் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். எழுத்தை முதலில் கணினியே படத்தைப் படித்துத் தருகிறது. ‘ர’வையும் துணைக்காலையும் அது குழப்பும். ‘ஐ’யை ‘ஜ’ ஆக்கும். திருத்துவதற்கு மனிதர் வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்பு பார்த்தால் மஞ்சள். இரண்டாமவர் மறுபடி பார்த்து ஒப்பினால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. இந்த ஒரு விதிக்குள் பதிப்பாசிரியர் தொழிலின் அறமே இருக்கிறது.

அதே மூணாற்றுப் பெண்தான் இதிலும் எழுதினாள். அவள் மஞ்சளாக்கிய பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் திறந்து, இரண்டு இடத்தில் ஒற்று விட்டதைச் சேர்த்துப் பச்சையாக்கியிருந்தார். முதலில் முகம் சிவந்ததாம். பிறகு அந்த ஆளின் மற்ற திருத்தங்களைப் போய்ப் பார்த்தாளாம். நாள் முழுக்க இதே வேலை செய்கிறவர் என்று தெரிந்தது. ‘என் பக்கத்தை ஒருத்தர் முழுசா படிச்சிருக்கார் டீச்சர்’ என்று குறிப்பை முடித்திருந்தாள். தேர்வுத்தாளில் சிவப்பு மை பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, சக வாசகர் திருத்துவது வேறு அனுபவம்.

இந்தக் கல்பாத்தியைச் சேர்ந்த பையன் ஒருவனும் அந்த வகுப்பில் இருந்தான். வீட்டில் பேசுவது தமிழ், நம் பாலக்காட்டுத் தமிழ். படிக்கத் தெரிந்தது மலையாள எழுத்து. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று எந்தக் கிராமத்தில் விசாரித்தாலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் இருந்த மொழியைப் படித்தார்கள். தமிழ் விக்கிமூலத்தில் அவனால் ஒரு வரிகூடத் திருத்த முடியவில்லை. அவன் பாட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கணினி தெரியாது. பையன் திரையைப் பெரிதாக்கி வைத்தான். பாட்டி அச்சுப் பக்கத்தை உரக்கப் படித்தார். ஒலியை எழுத்தாக்கும் கருவி அதைத் தமிழில் எழுதியது, தப்பு தப்பாக. பாட்டி மறுபடி திட்டிக்கொண்டே திருத்தினார். இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. விக்கி வழக்கப்படி ஒரு கணக்கை இருவர் பங்குபோடக் கூடாது. அந்த விஷயத்தை நான் இங்கே அழுத்திப் பேசப் போவதில்லை.

பாட்டிகளுக்கு இதில் தனி இடம் உண்டு. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா, லை, னை எல்லாம் அதற்கு முன் வேறு உருவத்தில் இருந்தன. பழைய பதிப்புகளில் அந்த உருவம் வரும்போது இன்றைய பிள்ளைகள் திகைக்கிறார்கள், கணினியும் தடுமாறுகிறது. இந்த அவையில் எழுபது தாண்டியவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பீர்கள். நூலகத்துக்குத் தேவையான நிபுணர்கள் அக்ரஹாரத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரார் கூடி நூலகத்தை நடத்துவது கேரளத்துக்குப் புதிய பழக்கம் இல்லை. 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 வாயனசாலைகளை, அதாவது ஊர் நூலகங்களை, கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். இன்று மாநில நூலகக் கவுன்சிலில் எட்டாயிரத்துக்கும் மேல் நூலகங்கள். அவற்றை நடத்துவது பெரும்பாலும் ஊர்க்குழுதான். பள்ளிகளில் 2009 முதல் ஸ்கூல்விக்கி நடக்கிறது. அதில் பள்ளிக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் ஊர் வரலாறு, வட்டார வழக்கு என்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் எழுதுகிறார்கள். 2020 ஊரடங்கில் அக்ஷரவிருக்ஷம் என்ற பெயரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் படைப்புகள் அங்கே ஏறின. எழுதப் பழகிய தலைமுறை தயாராக இருக்கிறது. பள்ளியில் எழுதிய அதே பிள்ளை வாயனசாலைக்கு வந்தால் உறுப்பினர் எண் மட்டும்தான் கிடைக்கிறது.

நூற்பட்டியலில் வாசகரை எழுதவிட்டால் எதிர்ப்பு வரும். “கண்டவன் கண்டதை எழுதுவான்” என்பார்கள். சீர்காழியில் பிறந்து சென்னையில் கணக்குப் பேராசிரியராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வாசகர் அலமாரி வரை தானே போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கலாம் என்ற முறைக்காக வாதாடினார். புத்தகம் திருடுபோகும், அடுக்கு கலையும் என்று அன்றைக்கும் இதே குரல் எழுந்தது. திருடும் போயிருக்கும், அடுக்கும் கலைந்திருக்கும். யாராவது இன்று அலமாரியைப் பூட்டச் சொல்கிறார்களா? அலமாரியைத் திறந்துவிட்டோம். நூற்பட்டியல் மட்டும் இன்னும் பூட்டிக் கிடக்கிறது.

திறப்பதற்குச் சாவி கையிலேயே இருக்கிறது. நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் ஓடும் கோஹா, நியூசிலாந்தின் சிறிய நூலக அறக்கட்டளை ஒன்றுக்காகச் செய்யப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். அதில் உறுப்பினர் புத்தகத்துக்குக் கீழே குறிப்பு எழுதலாம், தன் பட்டியலைப் பிறருக்குக் காட்டலாம். குறிப்பை நூலகர் பார்த்து ஒப்பிய பிறகே வெளியே தெரியும். கண்டவன் கண்டதை எழுதுவதற்கு அங்கேயே தடுப்பு இருக்கிறது. இந்த வசதியை இயக்கியிருக்கும் நூலகங்கள் குறைவு. கேட்டால், ஒப்புவதற்கு ஆள் இல்லை என்பார்கள். அது நியாயமான பதில்தான்.

ஒரு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: வாசகரின் அந்தரங்கம். இடுக்கி மாவட்டத்தில் இடமலக்குடி. முதுவர் குடிகளுக்காக 2010இல் அமைந்த பஞ்சாயத்து. அங்கே காட்டுக்குள் பி. வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் தம் டீக்கடையில் நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 160 புத்தகங்கள். சேர 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். வருபவர்களுக்குக் கட்டன் சாயா. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று பதிவேட்டில் அழகாக எழுதிவைத்திருந்தார். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய் வந்திருந்தது. அந்தப் பதிவேடு கடைக்குள் இருந்தது. பார்ப்பவர்கள் தெரிந்தவர்கள். அதே விவரம் குட்ரீட்ஸில் ஏறினால் 2013 முதல் அதன் உரிமையாளர் அமேசான். ஒரு பெண் எந்த நோயைப் பற்றிப் படித்தாள், ஒரு பையன் எந்த அரசியல் புத்தகம் எடுத்தான் என்பதெல்லாம் கம்பெனிக்குச் சரக்கு. கோஹாவில் தன் வாசிப்பு வரலாற்றை வைத்துக்கொள்ளவும் அழித்துவிடவும் உறுப்பினருக்கே தேர்வு தரலாம். மாணவர்களே, நாளை நீங்கள் நூலகராகும் இடத்தில் அந்த வசதி இயங்குகிறதா என்று முதல் வாரமே பாருங்கள்.

கல்பாத்திக்கு என் யோசனை இது. இங்கே வீட்டுக்கு வீடு தேர்த் திருவிழாப் படங்கள் இருக்கின்றன. விசுவநாதசுவாமி தேர், மந்தக்கரைக் கணபதி தேர், லட்சுமி நாராயணப் பெருமாள் தேர், சாத்தபுரம் கணபதி தேர், மூன்றாம் நாள் தேர்கள் கூடும் படம். வடம் பிடிப்பவர் யார், எந்த ஆண்டு, பின்னால் தெரியும் வீடு இப்போது யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டார் சம்மதத்தோடு படங்களை வருடியெடுத்து நூலகக் கணினியில் வைக்கலாம். குறிப்பைத் தமிழிலோ மலையாளத்திலோ, எழுத வராதவர் ஒலியாகவோ தரட்டும். உயிரோடிருப்பவர் பெயரை அவரைக் கேட்காமல் வெளியிட வேண்டாம். மூலப்படியை நூலகமே வைத்துக்கொள்ளட்டும், இணையத்தில் போடுவது அதன் நகலாக இருக்கட்டும். ஃபிளிக்கரோ வேறொன்றோ நாளைக்கு மூடினால் நகல்தான் போகும்.

ஒப்புவதற்கு ஆள் யார் என்ற கேள்விக்குச் சம்பளப் பதவி எதையும் நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மாணவரும் ஒரு பெரியவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். வந்த குறிப்புகளைப் படித்து, சந்தேகம் இருந்தால் எழுதியவரிடம் திருப்பிக் கேட்டு, சரியானதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் ஏன் என்று பதில் எழுத வேண்டும். அந்த அட்டவணை போடாமல் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

அப்புறம், கடவுச்சொல்லை ஒருவர் தலைக்குள் மட்டும் வைத்திருக்க விடாதீர்கள். கமிட்டி மாறும், செயலாளர் வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவார், நூலகப் பக்கம் அநாதையாக நிற்கும். முத்திரையிட்ட உறையில் போட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரோடு பீரோவில் வையுங்கள். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடு அதையும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.